ஊரார் பிள்ளையை வளர்த்தவர்கள்: ஸாஹிரா ஆசிரியர்களின் வரலாற்றிலிருந்து

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளுள் ஈட்டுத்தொகை செலுத்த வசதியற்றோர் பலர் இருந்தனர். அவர்களில் எழுத்தறிந்தோர்க்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வழியைத் திறந்துவிட்டார்கள். அன்சாரிகளின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்பதே அவ்வழி. பிற்காலத்தில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும் பொறுப்பை ஏற்ற ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் அவ்வாறு எழுத்துப் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் என்று இப்னு சஅத் பதிவு செய்கிறார்.

இந்நிகழ்ச்சியைக் கல்வியின் சிறப்புக்குச் சான்றாக நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். ஆயினும் அதில் அடங்கியுள்ள இன்னொரு செய்தியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. கற்றுக்கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் உறவினர் அல்லர். மார்க்கத்தால் உடன்பட்டவர்களும் அல்லர். நேற்றுவரை வாளேந்தி எதிரே நின்றவர்கள். அவர்கள் முன் தம் பிள்ளைகளை அமர்த்த மதீனாவின் தாய் தந்தையர் தயங்கவில்லை. தன் பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைக்கும் துணிவும், பிறர் பிள்ளையைத் தன் பொறுப்பாக ஏற்கும் மனமும் கூடும் இடத்தில்தான் பள்ளிக்கூடம் பிறக்கிறது. ஆசிரியத் தொழிலின் அடித்தளம் இதுவே.

இந்த உண்மையை நம் மொழி பேசும் முஸ்லிம்களின் அண்மை வரலாற்றில் காண விரும்பினால், கொழும்பு மருதானையில் உள்ள ஸாஹிராக் கல்லூரியின் கதையை நாம் படிக்க வேண்டும். அக்கட்டடங்களின் கதையைவிட, அங்கே கரும்பலகையின் முன் நின்றவர்களின் கதை நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இடைநிலைப் பள்ளி ஆசிரியர் என்ற பணிக்கு நம் சமுதாயம் இன்று என்ன மதிப்பளிக்கிறது என்ற கேள்வி நம் ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் நிற்கிறது.

அச்சம் அடைத்த வாசல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தது. அரசாங்கமும் உதவி நன்கொடை வழங்கி அப்பள்ளிகளை ஆதரித்தது. பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை இழந்துவிடுவான் என்று முஸ்லிம் குடும்பங்கள் அஞ்சின. அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மதமாற்றம் அக்காலப் பள்ளிகள் பலவற்றின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாகவே இருந்தது. எனினும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. குர்ஆன் மதரஸாவில் ஓதி முடித்த சிறுவன் தந்தையின் கடைக்கோ வயலுக்கோ போனான். நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் அரசாங்க அலுவலகத்திலும் நம்மவர் இருக்கை காலியாகவே கிடந்தது.

இந்நிலையை முதலில் உரக்கச் சொன்னவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் மர்ஹூம் எம்.சி. சித்தி லெப்பை (1838–1898). வழக்கறிஞராக இருந்த அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அதை அவர் அரபுத் தமிழில் நடத்தவில்லை, தமிழ் எழுத்திலேயே நடத்தினார். மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்கும் பள்ளிகள் நமக்கு வேண்டும் என்று அவ்விதழில் இடைவிடாமல் எழுதினார். 1883இல் எகிப்திலிருந்து பிரித்தானியரால் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பு வந்து சேர்ந்த அஹ்மத் ஒராபி பாஷாவின் தொடர்பு அம்முயற்சிக்கு வலுவூட்டியது. சித்தி லெப்பை தொடங்கிய பள்ளிகள் சில நீடிக்கவில்லை. பணம் போதவில்லை, பெற்றோரின் ஐயமும் அகலவில்லை. அவர் மட்டும் ஓயவில்லை.

1892 ஆகஸ்ட் 22ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி ஒரு மதரஸா தொடங்கப்பட்டது. கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய புகழுக்குரிய வாப்பிச்சி மரைக்கார் அதற்குப் பொருளுதவியும் பொறுப்பும் ஏற்றார். அந்த மதரஸாவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில் பிற சமூகங்களும் விழித்துக்கொண்டதை நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1886இல் கொழும்பில் பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரி, 1887இல் கண்டியில் தர்மராஜாக் கல்லூரி, 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, 1892இல் ஸாஹிரா. நான்கும் ஒரே கவலையின் பிள்ளைகள். இந்நான்கின் வரலாறும் ஆசிரியர்களின் வாழ்க்கையில் எவ்வாறு பின்னிக்கொண்டது என்பதுதான் வியப்பு.

பள்ளி இருந்தது, ஆசிரியர் வேண்டியிருந்தது

கட்டடம் எழுப்பச் செல்வந்தர் போதும். பள்ளியை எழுப்ப ஆசிரியர் வேண்டும். ஸாஹிராவின் முதல் முப்பது ஆண்டுகள் இதை உணர்த்துகின்றன. பள்ளி இயங்கியது. ஆனால் சமுதாயத்தின் சிறந்த பிள்ளைகள் அதை நாடி வரும் அளவுக்கு உயரவில்லை. பட்டம் பெற்ற முஸ்லிம்களே விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த நாள்களில், பட்டம் பெற்ற முஸ்லிம் ஆசிரியரை எங்கே தேடுவது?

உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் ஆசிரியர் வாழ்க்கை எத்தகையது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பள்ளியின் முகாமையாளரே ஆசிரியரை நியமிப்பார், அவரே விலக்குவார். மாணவரின் வருகையையும் தேர்வுப் பெறுபேற்றையும் பொறுத்து அரசாங்க நன்கொடை அமையும். நன்கொடை குறைந்தால் சம்பளம் தடுமாறும். அக்காலத்தில் ஓர் ஆங்கிலம் கற்ற இளைஞன் எழுதுவினைஞனாகச் சேர்ந்தால் கிடைத்திருக்கக்கூடிய நிலையான வருவாயும் மதிப்பும் ஆசிரியனுக்கு உறுதியில்லை. அப்படிப்பட்ட தொழிலை ஒருவர் விரும்பி ஏற்று, விலகாமல் நின்றார் என்றால் அதற்கு வேறொரு காரணம் இருந்திருக்க வேண்டும்.

அப்படி நின்றவர் மர்ஹூம் டி.பி. ஜாயா.

1890 ஜனவரி முதலாம் நாள் கண்டி மாவட்டத்தின் கலகெதரையில் மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் துவான் புர்ஹானுத்தீன் ஜாயா. படித்தது கிறித்தவப் பள்ளிகளில்: கண்டியில் புனித பவுல் பள்ளி, பின்னர் கொழும்பு முகத்துவாரத்தில் அமைந்திருந்த புனித தோமையார் கல்லூரி. படிப்பு முடிந்ததும் அவர் தேர்ந்த பணி ஆசிரியப் பணி. கண்டி தர்மராஜாவிலும், மொறட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரியிலும், கொழும்பு ஆனந்தாவிலும் கற்பித்தார். மேலை நாட்டுச் செவ்வியல் மொழிகள் அவர் துறை. கற்பித்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார்.

எண்ணிப் பாருங்கள். கிறித்தவ ஆசிரியர்களிடம் கற்ற ஒரு முஸ்லிம் இளைஞர் பௌத்தப் பள்ளிகளில் பௌத்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தம் தொழிலைக் கற்றார். அவர் மார்க்கத்தை இழக்கவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகளும் தம் மதத்தை இழக்கவில்லை. நம் முன்னோரைப் பள்ளி வாசலிலேயே தடுத்து நிறுத்திய அச்சத்துக்கு அவர் வாழ்க்கையே பதிலாக இருந்தது.

1921இல் ஸாஹிராவின் அதிபர் பொறுப்பை ஏற்கும்படி அழைப்பு வந்தது. ஆனந்தா அந்நாளில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பள்ளி. ஸாஹிராவோ தள்ளாடிக்கொண்டிருந்த பள்ளி. ஜாயா தள்ளாடிய பள்ளிக்கு வந்தார். 1947 வரை அங்கேயே இருந்தார்.

இருபத்தாறு ஆண்டுகள்

ஒரு பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் என்பதன் பொருள் என்ன? முதல் ஆண்டில் அவரிடம் சேர்ந்த சிறுவன், தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அதே அதிபரிடம் சேர்த்திருக்க முடியும். இத்தகைய தொடர்ச்சியே ஒரு சமுதாயத்தின் ஐயத்தைக் கரைக்கிறது. மேடைப் பேச்சால் ஒரு தந்தையை ஒருநாள் இணங்க வைக்கலாம். பிள்ளையைப் பத்தாண்டு தொடர்ந்து அனுப்ப அவர் கண்முன் ஒரு மனிதர் அதே இடத்தில் அதே நேர்மையோடு இருக்க வேண்டும்.

ஜாயாவின் காலத்தில் ஸாஹிரா நாட்டின் முன்னணிப் பள்ளிகளுள் ஒன்றாக உயர்ந்தது. தூர ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தனர். 1940களில் கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம் ஆகிய ஊர்களிலும் ஸாஹிராவின் பெயரில் பள்ளிகள் எழுந்தன. கொழும்புக்கு வர இயலாத பிள்ளையிடம் பள்ளியே போக வேண்டும் என்பது அதன் கருத்து. கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த பதியுத்தீன் மஹ்மூத் பின்னாளில் நாட்டின் கல்வி அமைச்சரானார்.

ஜாயா சட்டசபையிலும், பின்னர் அரசுப் பேரவையிலும் உறுப்பினராக இருந்தார் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. அதிபரின் நாற்காலியும் அரசியல் மேடையும் ஒருவரையே இரு பக்கம் இழுத்தால் பள்ளிக்குக் குறை நேராதா என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே அது. நம் காலத்தில் அரசியல் நிழலில் ஒதுங்கும் அதிபர்களைக் கண்டு சலித்தவர்கள் அதைக் கட்டாயம் கேட்பர். வேறுபாட்டை நாம் ஒன்றில்தான் காண்கிறோம். இன்று பலருக்குப் பள்ளி அரசியலுக்கு ஏறும் படி. ஜாயாவோ அரசியலைப் பள்ளிக்குள் கொண்டுவரவில்லை, பள்ளியில் கற்பித்த ஒழுக்கத்தை அரசியலுக்குக் கொண்டுசென்றார். 1945 நவம்பரில் இலங்கைக்கு டொமினியன் தகுதி கோரும் விவாதம் அரசுப் பேரவையில் நடந்தபோது, சமுதாயத்துக்கென்று தனிப் பேரம் பேசாமல் நாட்டின் விடுதலைக்கு நிபந்தனையின்றித் துணை நின்றார் என்பது வரலாறு. எல்லாச் சமூகப் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்ன ஆசிரியரிடமிருந்து வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

1947இல் சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையாக அமைந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். பின்பு பாகிஸ்தானில் இலங்கையின் உயர் ஆணையராகப் பணியாற்றினார். 1960இல் ஹஜ்ஜுக் கடமைக்காகச் சென்றிருந்தபோது மதீனாவில் வஃபாத்தாகி, ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அல்லாஹ் அவர்களின் மறுமை வாழ்வை ஒளிமயமாக்குவானாக!

மேலிருந்து இறங்கியவர்

ஜாயாவுக்குப் பின் ஸாஹிராவுக்கு வந்தவரின் கதை இன்னும் ஆழமாக நம்மைச் சிந்திக்க வைப்பது.

ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். சைவ ஆசிரியர்களின் கையில் வளர்ந்த தமிழ் அவருடையது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு பயின்று, மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். அவ்வேளையில் இலங்கைச் சிவில் சேவைத் தேர்வில் தேறிய செய்தி வந்தது. 1935இல் அச்சேவையில் நுழைந்தார். அப்பதவியை அடைந்த முதல் இலங்கை முஸ்லிம் அவரே.

சிவில் சேவை என்றால் அந்நாளில் என்ன என்பதை இளைய தலைமுறை அறியாது. குடியேற்ற ஆட்சியின் ஏணியில் உள்நாட்டவர் ஏறக்கூடிய மிக உயர்ந்த படி அது. மாவட்டங்களை ஆள்பவர்கள் அவர்கள். நூற்றாண்டுக் காலம் அரசாங்க நாற்காலிக்கு ஏங்கிய ஒரு சமுதாயத்துக்குக் கிடைத்த முதல் நாற்காலி.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பணிக்காக அவர் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். வயல்களைப் பார்க்கப் போனவர் பிள்ளைகளைப் பார்த்தார். வயலில் நெல் விளைந்தது. திறமையுள்ள பிள்ளைகளோ வழியின்றித் திண்ணைகளில் முடங்கிக் கிடந்தனர். அங்கே காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தரின் நட்பும் அவருக்கு வாய்த்தது. விபுலானந்தரும் ஆசிரியராகத் தொடங்கிப் பள்ளிகளைக் கட்டியெழுப்பிய பின்பே பேராசிரியரானவர். கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அஸீஸ் நிறுவினார். பணமின்மையால் எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அதே ஆண்டு அக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் என்ற தடை விலகிற்று. ஆனால் புத்தகம், உடை, தங்குமிடம் ஆகிய தடைகள் எஞ்சி நின்றன. அவ்விடைவெளியில்தான் சகாய நிதி தன் வேலையைச் செய்தது.

1948இல் அஸீஸ் சிவில் சேவையிலிருந்து விலகினார்; ஸாஹிராவின் அதிபரானார்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டு அது. வெள்ளையர் விட்டுச்சென்ற உயர் பதவிகளெல்லாம் உள்நாட்டு அதிகாரிகளுக்காகக் காத்திருந்தன. அந்த வேளையில் ஒருவர் கதிரையை விட்டு இறங்கி வகுப்பறைக்கு வந்தார். உறவினரும் நண்பரும் என்ன நினைத்திருப்பர் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். இன்று நம் வீட்டில் ஒரு பிள்ளை அரசாங்கத்தின் உயர் பதவியை விட்டுவிட்டுப் பள்ளி ஆசிரியராகப் போகிறேன் என்று சொன்னால் நாம் என்ன சொல்வோமோ, அதையேதான் அவர்களும் சொல்லியிருப்பர்.

அஸீஸின் கணக்கு வேறாக இருந்திருக்க வேண்டும். சமுதாயத்தில் ஒருவர் உயர் பதவியில் இருப்பது ஒருவரின் உயர்வு. நூறு பேர் அப்பதவிக்குத் தகுதி பெற வழிசெய்வது ஆசிரியனால் மட்டுமே இயலும்.

1961 வரை பதின்மூன்று ஆண்டுகள் அவர் அதிபராக இருந்தார். இடையில், 1952 முதல், செனட் சபை உறுப்பினராகவும் பணியாற்றினார். அக்காலத்தில் ஸாஹிராவில் படித்தவர்களும் கற்பித்தவர்களும் எத்தகையோர் என்பதற்கு ஒரு சான்று போதும். வடமராட்சிக் கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராக இருந்தார். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துத் திரும்பி அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். தமிழுலகம் போற்றிய பேராசிரியராக அவர் உயர்ந்ததற்கு முன், ஒரு முஸ்லிம் பள்ளியின் வகுப்பறையில் சுண்ணக்கட்டி பிடித்து நின்ற இளம் ஆசிரியர் அவர்.

இந்துக் கல்லூரியில் படித்த முஸ்லிம் சிறுவன் அதிபராகி, சைவக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தன் பள்ளியில் இடமளித்தார். வாங்கிய கடன் இப்படித்தான் அடைபட்டது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் தாய்மார் சொல்வது ஆசிரியத் தொழிலுக்கு முற்றும் பொருந்தும்.

பெயரில்லாதவர்கள்

இரண்டு அதிபர்களின் பெயரைச் சொன்னோம். பெயர் சொல்லப்படாதவர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு. பள்ளி வரலாறுகள் அதிபர்களின் ஆட்சிக் காலங்களாக எழுதப்படுகின்றன. உண்மையில் அவை கணக்கு ஆசிரியரின் மாலை நேரங்களாலும், தமிழாசிரியரின் திருத்திய கட்டுரைப் பயிற்சிக் கொப்பிகளாலும், விடுதிப் பொறுப்பாசிரியர் சுபுஹுக்கு எழுப்பிய விடியல்களாலும் ஆனவை.

இடைநிலைப் பள்ளி ஆசிரியரின் பணிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆரம்ப வகுப்பு ஆசிரியர் எழுத்தைத் தருகிறார். அவர் நினைவு இனிமையாக நிற்கிறது. பல்கலைக்கழக ஆசிரியர் பட்டத்தைத் தருகிறார். அவர் பெயர் பெருமையோடு சொல்லப்படுகிறது. இடையில் நிற்பவரோ பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளை ஏற்றவர். தந்தையோடு வாதிடத் தொடங்கும் வயது. தொழுகையைக் கேள்வி கேட்கும் வயது. படிப்பை விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாமா என்று மனம் அலையும் வயது. அந்த வயதில் ஒரு பிள்ளை தங்கிவிட்டால் வாழ்க்கை முழுவதும் படிப்பான். அவனைத் தங்க வைப்பவர் அந்த ஆசிரியரே. ஆசிரியர் மாணவரைத் தம் சொந்தப் பிள்ளைகள்போல் பரிவோடு நடத்த வேண்டும் என்பதை ஆசிரியரின் கடமைகளுள் முதன்மையாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் வைக்கிறார். பக்தாத் நிஜாமிய்யாவில் கற்பித்த அனுபவம் உள்ளவர் சொன்ன சொல் அது.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. அளுத்கம, அட்டாளைச்சேனை போன்ற இடங்களின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பயின்றவர்கள் நாட்டின் மூலை முடுக்குகளிலெல்லாம் நியமனம் பெற்றனர். போக்குவரத்து அரிய ஊர்களில் பள்ளிவாசல் திண்ணையிலோ யாரோ ஒருவர் வீட்டின் முன்னறையிலோ தங்கிப் பாடம் நடத்தியவர்கள் அவர்கள். அந்த ஊர்களில் பலவற்றில் முதல் மருத்துவரையும் முதல் பொறியியலாளரையும் உருவாக்கியவர்கள் அவர்களே. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அவர்களுடைய பற்றுறுதி எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டது என்பதை 1990 காட்டிற்று. அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள், 70,000க்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகள் இயக்கத்தினரால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அஸீஸ் பிறந்த மண்ணின் சோனகத் தெருவும், அதன் ஒஸ்மானியாக் கல்லூரியும் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. அகதிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். வந்தவர்களுள் ஆசிரியர்களும் இருந்தனர். வீட்டை இழந்தவர்கள், நகையை இழந்தவர்கள், தம் சான்றிதழ்களையே விட்டுவிட்டு வந்தவர்கள். கிடுகுக் கொட்டகைகளிலும், உள்ளூர்ப் பள்ளிகளின் வகுப்புகள் முடிந்த பிற்பகல்களிலும், தங்களைப் போலவே எல்லாம் இழந்த பிள்ளைகளை அமர்த்திப் பாடத்தைத் தொடங்கினர். பிள்ளைகளிடம் புத்தகம் இல்லை. சில இடங்களில் இருக்கையும் இல்லை. ஆசிரியர் இருந்தார், ஆகவே பள்ளி இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் மருதானையில் கட்டடம் இருந்தும் ஆசிரியரைத் தேடிய சமுதாயம், கட்டடமே இல்லாத இடத்தில் ஆசிரியர்களால் தன் கல்வியைக் காத்துக்கொண்டது.

தியாகம் என்ற சொல்லின் நிழல்

இவ்விடத்தில் நாம் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆசிரியரின் தியாகத்தைப் புகழ்வது நமக்கு எளிது; அப்புகழ்ச்சிக்குப் பின்னால் நம் கடமையை மறைத்துக்கொள்வதும் எளிது. தியாகி என்று பட்டம் சூட்டிவிட்டால் அவருக்குப் பசி இருக்கிறது, வாடகை இருக்கிறது, திருமண வயதில் பிள்ளைகள் இருக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

2021 ஜூலையில் இலங்கையின் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் போராடினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்கப்படாத சம்பள முரண்பாடே அதற்குக் காரணம். பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் படிப்பு நின்றதே என்று பெற்றோர் பலர் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானது. அந்த ஆசிரியர்களின் கோரிக்கையும் நியாயமானதே. அடுத்த ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை முடக்கியபோது, பள்ளிக்குச் செல்லப் பேருந்தின்றித் தவித்தவர்களும் அவர்களே. தொழில்மீது பற்றுக் கொண்டவரே அத்தொழிலின் மதிப்புக்காகக் குரல் கொடுக்கிறார். பற்றில்லாதவர் சத்தமின்றி வேறு வேலைக்குப் போய்விடுவார், அல்லது வகுப்பில் விட்டுவைத்த பாடத்தை மாலையில் கட்டண வகுப்பில் விற்பார். அப்படிச் சிலர் இருப்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் சிலரைக் காட்டி எல்லோரையும் எடைபோடுவது நம் மார்க்கம் கற்றுத்தந்த நீதியன்று.

நம் வீடுகளின் கேள்வி

அன்புச் சகோதர சகோதரிகளே! இலங்கையிலும் தமிழகத்திலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் நம் குடும்பங்களில் இன்று படிப்புக்குக் குறைவில்லை. பிள்ளை மருத்துவராக வேண்டும், பொறியியலாளராக வேண்டும், கணக்காளராக வேண்டும் என்று விரும்புகிறோம். விரும்பட்டும். ஆயினும் வகுப்பில் முதலாவதாக வரும் மகன், தான் கணித ஆசிரியராக விரும்புவதாகச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வோம்? மகளுக்கு ஆசிரியப் பணி பாதுகாப்பானது என்று சம்மதிக்கிறோம். மகனுக்கு அது போதாது என்கிறோம். இரண்டு பதிலிலும் பணியின் பெருமை எங்கும் இல்லை.

விளைவு நம் கண்முன்னே இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தகுந்த ஆசிரியர் இல்லை என்று முறையிடுகிறோம். தகுந்தவர்களை அத்தொழிலுக்குப் போகவிடாமல் தடுத்தவர்கள் யார்? நாமே விதைக்காத வயலில் நாமே விளைச்சல் கேட்கிறோம்.

எனவே செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, ஆசிரியராக விரும்பும் நம் பிள்ளையை, மருத்துவராக விரும்பும் பிள்ளைக்குக் காட்டும் அதே மகிழ்ச்சியோடு அனுப்புவோம். இரண்டாவது, நம் வீட்டுப் பிள்ளைகளின் முன் அவர்களுடைய ஆசிரியரைக் குறைத்துப் பேசுவதை நிறுத்துவோம். குறையிருந்தால் ஆசிரியரிடமே பண்போடு பேசுவோம். பிள்ளையின் காதில் விழுந்த ஏளனம் நாளை வகுப்பறையில் அவன் செவியை அடைத்துவிடும். மூன்றாவது, நம் ஜமாஅத்துகளும் கல்வி நிதிகளும் மாணவருக்குப் பரிசு வழங்கும் விழாக்களை நடத்துகின்றன. அவ்விழாக்களில் முப்பது ஆண்டு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் முன்வரிசையில் அமர்த்தப்படட்டும். ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் ஏழைப் பிள்ளைக்கும் உதவித்தொகை ஒதுக்கப்படட்டும். நான்காவது, ஒவ்வோர் ஊரிலும் பள்ளியை வளர்த்த ஆசிரியர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிவைப்போம். அவர்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.

தாம் ஓர் ஆசிரியராகவே அனுப்பப்பட்டதாக நம் தலைவர் (ஸல்) அவர்கள் தம்மைப் பற்றிக் கூறியதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அத்தகைய ஒரு பணியை நம் பிள்ளைகளுக்குக் குறைவானது என்று எண்ண நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பிறர் பிள்ளைகளுக்காகத் தம் ஆயுளைச் செலவிட்ட ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் அல்லாஹ் நிறைவான கூலியை வழங்குவானாக. அவர்களின் இடத்தை நிரப்பும் பிள்ளைகளை நம் வீடுகளிலிருந்தே எழுப்புவானாக! ஆமீன்.